ஓட்டிஸ் ரெடிங்: அந்த ஒரு பாட்டுக்கு முன்னால் ஐந்து வருடம்

கேள்வி இதுதான்: “ஓட்டிஸ் ரெடிங் பாடியதில் ‘டாக் ஆஃப் த பே’ ஒன்றைத்தான் கேட்டிருக்கிறேன். படகுத்துறையில் உட்கார்ந்து அலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவரின் பாட்டு, விசிலோடு முடிகிறது. நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அமெரிக்கக் கறுப்பினத்தவரின் சோல் இசையில் மிகப் பெரிய குரல்களில் ஒன்று என்று எல்லோரும் சொல்லும் அளவுக்கு அதில் என்ன இருக்கிறது? 26 வயதில் விமான விபத்தில் போய்விட்டார் என்பதால் வந்த பெயரா?”

அந்த ஒரு பாட்டை மட்டும் வைத்துக்கொண்டு யோசித்தால் எனக்கும் இதே சந்தேகம் வரும். அவர் பாடியவற்றில் உலகம் முழுவதும் போய்ச் சேர்ந்தது எதுவோ, அதுதான் அவருடைய மற்ற பாட்டுகளோடு கொஞ்சமும் ஒட்டாத பாட்டு. அதை வைத்து ஓட்டிஸை எடைபோடுவது, வாழ்நாளெல்லாம் வீரபாண்டிய கட்டபொம்மனாக மேடையில் முழங்கிய ஒரு நடிகரை அவர் கடைசியாக நடித்த ஒரு மௌனக் காட்சியை வைத்து எடைபோடுவது போல. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் அவருடைய பழைய பாட்டுகளை முதன்முதலில் கேட்டபோது பிடிக்கவில்லை. ‘இந்த ஆள் ஏன் இப்படிக் கத்துகிறார்’ என்றுதான் தோன்றியது. அவர் கத்தவில்லை, தாளத்தோடு விளையாடுகிறார் என்பது காதில் ஏற எனக்கு நாளாயிற்று.

பிறந்தது 1941 செப்டம்பர் 9, ஜார்ஜியா மாநிலத்தில் டாசன் என்ற சிற்றூர். அப்பா பிறர் நிலத்தில் வாரத்துக்குப் பயிர் செய்தவர். குழந்தை நடக்கத் தொடங்கிய காலத்திலேயே குடும்பம் மேக்கன் நகரத்துக்கு வந்துவிட்டது. அப்பாவுக்கு விமானப்படைத் தளத்தில் வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் சில சமயம் தேவாலயத்தில் பிரசங்கம். பையன் அங்கே பாடல் குழுவில் பாடினான், டிரம்ஸும் பழகினான். அப்பாவுக்குக் காசநோய் வந்ததும் 15 வயதில் படிப்பை விட்டுவிட்டுக் கிணறு தோண்டும் வேலை, பெட்ரோல் பங்கில் வேலை என்று அலைந்தான். மேக்கன், ராக் பாடகர் லிட்டில் ரிச்சர்டின் ஊர். அந்த ஊர்ப் பையன் பாட வந்தால் லிட்டில் ரிச்சர்டு மாதிரி பாடாமல் எப்படி? டக்ளஸ் தியேட்டரில் நடந்த இளைஞர் பாட்டுப் போட்டியில் 15 வாரம் தொடர்ச்சியாக 5 டாலர் பரிசை அள்ளினான். லிட்டில் ரிச்சர்டு ராக் இசையை விட்டு மதப் பணிக்குப் போயிருந்த காலத்தில், அவருடைய பழைய பக்கவாத்தியக் குழுவான அப்செட்டர்ஸோடும் கொஞ்ச நாள் பாடினான்.

ஆரம்ப காலச் சங்கதி ஒன்று. அவருடைய ஆரம்பகால இசைத்தட்டுகளில் ஒன்று வெளிவந்த லேபிலின், அதாவது இசைத்தட்டு நிறுவன முத்திரையின், பெயர் கான்ஃபெடரேட். அடிமை முறையைக் காப்பாற்றப் போரிட்ட தென் மாநிலங்களின் கொடியையும் அதில் போட்டிருந்தார்கள். ஒரு கறுப்பினப் பையன் பாடிய தட்டில்! கறுப்பின வானொலிக்காரர்கள் அதைத் தொடுவார்களா? பிறகு வேறு பெயரில் லேபிலை மாற்றி ஒட்டி விற்றார்கள். 1961இல் ஜார்ஜியாவில் ஒரு பாடகனின் வாழ்க்கை எங்கிருந்து தொடங்கியது என்பதற்கு இது போதும்.

இனி டென்னஸி மாநிலத்தின் மெம்ஃபிஸ் நகரம். இந்த ஒரு நாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

1962இல் ஓட்டிஸ், ஜானி ஜென்கின்ஸ் என்ற இடக்கை கிட்டார்காரரின் குழுவில் பாடிக்கொண்டிருந்தார். குழுவின் நட்சத்திரம் ஜென்கின்ஸ்தான். அவருக்கு மெம்ஃபிஸிலுள்ள ஸ்டாக்ஸ் ஸ்டுடியோவில் ஒலிப்பதிவு கிடைத்தது. அவரிடம் ஓட்டுநர் உரிமம் இல்லை, அதனால் வண்டியோட்டி வந்தவர் ஓட்டிஸ். ஸ்டுடியோவின் கிட்டார்காரர் ஸ்டீவ் க்ராப்பர், வண்டியிலிருந்து சாமான்களை இறக்கிக்கொண்டிருந்த அந்த ஆறடி ஆளைப் பார்த்து டிரைவர் என்றே நினைத்ததாகப் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். ஜென்கின்ஸின் பதிவு சரியாக அமையவில்லை. நேரம் கொஞ்சம் மீதம் இருந்தது. டிரைவர் தானும் பாடுவேன் என்று ஒவ்வொருவரிடமாகக் கேட்டுக்கொண்டே இருந்தார், சரி பாடட்டும் என்று விட்டார்கள். முதலில் பாடியது லிட்டில் ரிச்சர்டு பாணி. ஏற்கெனவே ஒரு லிட்டில் ரிச்சர்டு இருக்கிறாரே, இன்னொருவர் எதற்கு என்பதுதான் அங்கிருந்தவர்களின் நினைப்பு. இரண்டாவதாக, தானே எழுதிய மெதுவான ஒரு பாட்டு. ஆர்கன் வாசிக்கும் புக்கர் டி. ஜோன்ஸ் அதற்குள் கிளம்பிவிட்டதால் க்ராப்பரே பியானோவில் உட்கார்ந்தார். கிட்டாரில் அதே ஜென்கின்ஸ். அந்தப் பாட்டு ‘தீஸ் ஆர்ம்ஸ் ஆஃப் மைன்’. அதைக் கேட்டுவிட்டுத்தான் ஒப்பந்தம் போட்டார்கள். பாட்டு மெதுவாகச் சூடுபிடித்து, 1963இல் கறுப்பின ரசிகர்களின் பட்டியலான ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் 20ஆம் இடம் வரை போயிற்று.

ஸ்டாக்ஸைப் பற்றித் தெரியாமல் ஓட்டிஸைப் புரிந்துகொள்ள முடியாது. மெக்லெமோர் அவென்யூவில் கைவிடப்பட்ட ஒரு சினிமா தியேட்டர் அது. வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே வயலின் வாசித்த ஜிம் ஸ்டூவர்ட்டும், அவருடைய அக்கா எஸ்டெல் ஆக்ஸ்டனும் வாடகைக்கு எடுத்தது. இருவர் பெயரின் முதல் எழுத்துகளும் சேர்ந்ததுதான் ஸ்டாக்ஸ். தின்பண்டம் விற்ற இடத்தில் அக்கா ரெக்கார்டு கடை போட்டார். நாற்காலிகளைப் பிடுங்கிய அரங்கின் சரிவான தரையை அப்படியே விட்டு, அதில் ஒலிப்பதிவு. சமதளம் இல்லாத தரை, பெரிய வெற்றிடம். அங்கே பதிவான டிரம்ஸுக்கு ஒரு கனமான, திறந்த ஓசை கிடைத்ததற்கு இதுவும் காரணம். எல்லோரும் ஒரே அறையில் ஒரே நேரத்தில் வாசித்தார்கள். ஒருவர் பிசகினால் அத்தனை பேரும் மறுபடி.

வாசித்தவர்கள் யார்? ஆர்கன் புக்கர் டி., டிரம்ஸ் அல் ஜாக்சன், இருவரும் கறுப்பர்கள். கிட்டார் க்ராப்பர், பின்னாளில் பாஸ் கிட்டாருக்கு வந்த டக் டன், இருவரும் வெள்ளையர்கள். வெளியே, அதே ஊரில், இவர்கள் நால்வரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடக்கூடிய இடங்கள் அரிது. அதனால் கறுப்பின முதலாளி நடத்திய லொரேன் மோட்டலில் கூடுவார்கள், அங்கே அறை போட்டுப் பாட்டு எழுதுவார்கள். 1968 ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்டது அந்த மோட்டலின் மாடி நடையில்தான்.

இந்த அறையில் ஓட்டிஸ் எப்படி வேலை செய்தார் என்பதுதான் உங்கள் கேள்விக்கு உண்மையான பதில். இசைக் குறிப்பு எழுதவோ படிக்கவோ அவருக்குத் தெரியாது. டிரம்பெட்காரரையும் சாக்ஸஃபோன்காரர்களையும் நிற்கவைத்து, ஒவ்வொருவருக்கும் அவரவர் பகுதியை வாயால் முணுமுணுத்துக் காட்டுவார். ‘ஃபா ஃபா ஃபா’ என்று அவர் குழல் வாத்தியங்களுக்குப் பாடிக்காட்டும் அந்தப் பழக்கமே 1966இல் தனியாக ஒரு பாட்டாகிவிட்டது. அவருடைய ஸ்டாக்ஸ் பதிவுகளில் பெரும்பாலும் பின்பாட்டுப் பாடுகிறவர்கள் கிடையாது, கவனித்திருப்பீர்கள். மற்ற இடங்களில் மூன்று பெண்கள் நின்று பாடும் பதிலை இங்கே குழல்கள் சொல்கின்றன. தேவாலயத்தில் போதகர் ஒரு வரி சொல்ல, சபை ஒரு வரி திருப்பிச் சொல்லும் அல்லவா? அதில் போதகர் ஓட்டிஸ், சபை குழல் வாத்தியம்.

குரல்? ஏறி இறங்கும் தூரம் பெரிதல்ல. அதே காலத்துச் சோல் பாடகர்களான சாம் குக்கின் வழவழப்பு இல்லை, அரீத்தா ஃப்ராங்க்ளினின் வீச்சு இல்லை. கரகரப்பு, ஓரங்களில் கிழிசல். ஆனால் அவர் டிரம்ஸ் பழகியவர் என்பதை மறக்கக் கூடாது. ஒரு வரியை எடுக்க வேண்டிய இடத்தில் எடுக்காமல் அரை நொடி தள்ளி எடுப்பார். ஒரு சொல்லை உடைத்து அதன் முதல் அசையை நாலு முறை தட்டுவார், மிருதங்கத்தில் ஒரே சொல்லைத் திருப்பித் திருப்பி வாசித்துவிட்டுச் சமத்தில் வந்து விழுவது போல. பாட்டின் கடைசி ஒரு நிமிடத்தில் எழுதிய வரிகளெல்லாம் தீர்ந்துபோயிருக்கும். அதன் பிறகுதான் அவர் உண்மையில் பாடவே தொடங்குவார். எழுதாத சொற்கள், பாதிச் சொற்கள், வெறும் ஒலிகள். நம் பாஷையில் சங்கதி போடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் சுரத்தில் இல்லாமல் காலத்தில். எனக்குக் கத்தலாகக் கேட்டது இதுதான்.

1964இல் உள்ளூர் வானொலிக்காரர் ஒருவர், சோகப் பாட்டுகளாகப் பாடுகிறாரே என்று அவருக்கு ‘மிஸ்டர் பிட்டிஃபுல்’ என்று பட்டப்பெயர் வைத்தார். பரிதாபத்துக்குரிய ஐயா என்று சொல்லலாம். க்ராப்பர் அதையே தலைப்பாக வைத்து ஒரு பாட்டைக் கிளப்பினார், ஓட்டிஸும் சேர்ந்து முடித்தார். கிண்டலையே சம்பாத்தியமாக்கியவர்கள்.

அடுத்து ‘ஓட்டிஸ் ப்ளூ’. ஒரே ஒரு ஆல்பம் கேட்க நேரம் இருந்தால் இதைக் கேளுங்கள். 1965 ஜூலை 9 காலையில் தொடங்கி மறுநாள் மதியத்துக்குள் கிட்டத்தட்ட முழு ஆல்பமும் பதிவாகிவிட்டது. நடுவில் இடைவேளை விட்டதுகூட ஓய்வுக்காக இல்லை. பக்கவாத்தியக்காரர்களுக்கு அன்று இரவு கிளப்பில் வாசிக்க வேண்டியிருந்தது, போய் வாசித்துவிட்டுப் பின்னிரவில் திரும்பி வந்து தொடர்ந்தார்கள். ஓட்டிஸ் தன் ஆதர்சமாகக் கொண்டிருந்த சாம் குக் அதற்கு ஏழு மாதம் முன்பு சுட்டுக்கொல்லப்பட்டிருந்தார், அவருடைய பாட்டுகள் மூன்று இதில் இருக்கின்றன. பிரிட்டிஷ் ராக் குழுவான ரோலிங் ஸ்டோன்ஸின் ‘சாட்டிஸ்ஃபேக்ஷன்’ அப்போதுதான் வந்து பரபரப்பாகியிருந்தது. க்ராப்பர் சொல்லித்தான் ஓட்டிஸ் அதை எடுத்தார், வரிகளைப் பற்றிக் கவலையே படாமல் தன் போக்கில் பாடிவிட்டார். கிட்டாரில் வரும் அந்தப் பிரபலமான தொடக்கத்தைக் குழல்களுக்கு மாற்றினார்கள். வேடிக்கை என்னவென்றால், ஸ்டோன்ஸின் கிட்டார்காரர் கீத் ரிச்சர்ட்ஸ் அதை முதலில் குழல் வாத்தியத்துக்காகத்தான் மனத்தில் வைத்திருந்தாராம்.

அதே ஆல்பத்தில் ‘ரெஸ்பெக்ட்’ இருக்கிறது. ஆமாம், அது ஓட்டிஸ் எழுதிய பாட்டு. வேலை முடிந்து களைத்து வீட்டுக்கு வரும் ஆண், எனக்குக் கொஞ்சம் மரியாதை கொடு என்று மனைவியைக் கேட்கிறான். 1967இல் அரீத்தா அதை எடுத்துப் பெண் பக்கமாகத் திருப்பிப்போட்டார். ‘ஆர்-இ-எஸ்-பி-இ-சி-டி’ என்று எழுத்துக் கூட்டிச் சொல்லும் அந்தப் புகழ்பெற்ற இடம் அவர் சேர்த்தது, ஓட்டிஸின் பதிவில் அது கிடையாது. என் கருத்தைக் கேட்டால், அரீத்தாவுடையதுதான் மேல். ஓட்டிஸுக்கே அது தெரிந்திருந்தது. மேடையில் அந்தப் பாட்டை, ஒரு பெண் தன்னிடமிருந்து பறித்துக்கொண்டு போய்விட்டாள் என்று சிரித்துக்கொண்டே அறிமுகம் செய்தார்.

இங்கே ஒரு கணக்கு. 1967 தொடக்கம் வரை ஓட்டிஸின் பாட்டு எதுவும் அமெரிக்கப் பொதுப் பட்டியலில் 21ஆம் இடத்தைத் தாண்டவில்லை. கறுப்பின ரசிகர்களின் பட்டியலில் இரண்டாம் இடம்வரை வந்தவர், பொதுப் பட்டியலில் 20க்குள் நுழையவே முடியவில்லை. அந்த ஆண்டின் முதல் பாதியில் அவர் எழுதிய ‘ரெஸ்பெக்ட்’ அரீத்தாவின் குரலில் முதலிடம் பிடித்தது. அவர் தயாரித்துக் கொடுத்த ஆர்தர் கான்லியின் ‘ஸ்வீட் சோல் மியூசிக்’ இரண்டாமிடம் போயிற்று. சமைத்தவர் பசியோடு நின்றார், பந்தியில் மற்றவர்கள். ஆனால் அவர் ஏமாந்த ஆள் இல்லை. மேனேஜர் ஃபில் வால்டனோடு சேர்ந்து சொந்தப் பதிப்புரிமை நிறுவனம் வைத்திருந்தார், ஜோட்டிஸ் என்று சொந்த லேபிலும். மேக்கனுக்கு வெளியே 300 ஏக்கரில் பண்ணை வாங்கி மனைவி ஜெல்மாவோடும் குழந்தைகளோடும் அங்கே இருந்தார். வாரத்துக்குப் பயிரிட்டவரின் மகன்.

‘ட்ரை எ லிட்டில் டெண்டர்னஸ்’ 1932இலிருந்து இருக்கும் பாட்டு. பிங் க்ராஸ்பி மாதிரியானவர்கள் மாலைநேர விருந்தில் பாடுவது போல் இழைத்துப் பாடியது. 1966இல் ஓட்டிஸ் கையில் அது என்ன ஆயிற்று என்று சொன்னால் புரியாது, கேட்டால்தான் புரியும். குழல்கள் மட்டும் துயரமாகத் தொடங்கும், அந்த அமைப்பில் அப்போது இன்னும் பிரபலமாகாத ஐசக் ஹேஸின் கை இருக்கிறது. முதல் சரணம் ஏறக்குறையப் பேச்சு. பிறகு அல் ஜாக்சன் குச்சியால் டிரம்மின் விளிம்பில் டிக், டிக், டிக் என்று தட்டத் தொடங்குவார், கடிகாரம் ஓடுவது போல. பாட்டு மெதுவாக, தட்டு இரட்டை வேகம். இரண்டும் வெகுநேரம் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் போகும். கடைசியில் பாட்டு தட்டின் வேகத்துக்கு ஏறும்போது ஓட்டிஸ் சொற்களைக் கைவிட்டுவிடுவார்.

1967 வசந்தத்தில் ஸ்டாக்ஸ் குழு முழுவதும் ஐரோப்பா போனது. லண்டனிலும் பாரிஸிலும் கூட்டம் கட்டுக்கடங்கவில்லை. மெம்ஃபிஸ் சந்துகளில் கிளப்பில் வாசித்துக்கொண்டிருந்த பக்கவாத்தியக்காரர்களின் பெயரைக்கூட அங்கே ரசிகர்கள் தெரிந்துவைத்திருந்தார்கள். அந்த ஆண்டு பிரிட்டனின் மெலடி மேக்கர் இசைப் பத்திரிகை வாசகர்கள், எல்விஸ் பிரெஸ்லியைக் கீழே இறக்கிவிட்டு ஓட்டிஸைச் சிறந்த ஆண் பாடகராகத் தேர்ந்தெடுத்தார்கள்.

பிறகு கலிஃபோர்னியாவில் மான்டரே இசை விழா, ஜூன் 17, சனி இரவின் கடைசி நிகழ்ச்சி. எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் நீளமுடி வைத்த வெள்ளை இளைஞர்கள், ஓட்டிஸ் பெயரை அறியாதவர்கள் பலர். ஓட்டிஸும் பக்கவாத்தியக்காரர்களும் அணிந்து வந்ததோ கோட்டும் சூட்டும். ஐந்தே பாட்டு, சுமார் 20 நிமிடம், முடிக்கும்போது ‘டெண்டர்னஸ்’. அன்று படம் பிடித்தது இருக்கிறது, மேடைக்குப் பின்னாலிருந்து விளக்கொளி கண்ணில் அடிக்க அவர் குரலை வீசுவதைப் பார்க்கலாம்.

அந்தக் கோடையில் சான் ஃபிரான்சிஸ்கோவில் கச்சேரிக்கு வந்தபோது பக்கத்துக் கடலோர ஊரான ஸாஸலிட்டோவில் ஒரு படகு வீட்டில் தங்கினார். பீட்டில்ஸின் புதிய ஆல்பத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று ஜெல்மா சொல்லியிருக்கிறார். அலையைப் பார்த்தபடி முதல் வரிகள் அங்கே உருவாயின. பிறகு தொண்டையில் வளர்ந்திருந்த சதையை அறுவை செய்து எடுத்தார்கள், பல வாரம் பேசவே கூடாது என்று உத்தரவு. குரலையே உழைப்பாகக் கொண்ட ஒருவர், திரும்ப வருமா என்று தெரியாமல் வாய்மூடி இருந்த நாட்கள் அவை. வந்தது. முன்பைவிடத் தெளிவாகவே வந்தது. நவம்பர் கடைசியிலும் டிசம்பர் முதல் வாரத்திலும் ஸ்டுடியோவே கதியென்று கிடந்து, அவர் மறைவுக்குப் பின் ஆல்பங்களாக வரும் அளவுக்குப் பதிவு செய்து குவித்தார்.

அவற்றில் ஒன்றுதான் நீங்கள் கேட்ட பாட்டு, க்ராப்பரோடு சேர்ந்து முடித்தது. கெஞ்சல் இல்லை, உடைத்த சொற்கள் இல்லை. வழக்கமாக அவர் ஆவேசம் கொள்ளும் அந்தக் கடைசிப் பகுதிக்கு வந்தால் அங்கே விசில்தான் இருக்கிறது. ஜிம் ஸ்டூவர்ட்டுக்கு இது சோல் பாட்டாகவே படவில்லை. ஜெல்மாவுக்கும் முதலில் பிடிக்கவில்லை. ஓட்டிஸுக்கு மட்டும் இதுதான் தன் பெரிய வெற்றி என்று உறுதி.

1967 டிசம்பர் 10. முந்தின நாள் க்ளீவ்லாந்தில் தொலைக்காட்சியிலும் கிளப்பிலும் பாடிவிட்டு, விஸ்கான்ஸின் மாநிலம் மேடிசனுக்குத் தன் சொந்தச் சிறு விமானத்தில் கிளம்பினார். கூட வந்தவர்கள் பார்-கேஸ் என்ற பக்கவாத்தியக் குழு, 18, 19 வயதுப் பையன்கள். மழையும் மூடுபனியும். இறங்குவதற்குச் சில மைல் இருக்கும்போது விமானம் மொனோனா ஏரியில் விழுந்தது. ஏழு பேர் இறந்தார்கள். டிரம்பெட்காரர் பென் காலி மட்டும் இருக்கை மெத்தையைப் பற்றிக்கொண்டு குளிர்நீரில் மிதந்து பிழைத்தார். அவருக்கு நீச்சல் தெரியாது. இன்னொரு உறுப்பினர் ஜேம்ஸ் அலெக்சாண்டர், விமானத்தில் இடமில்லாததால் வேறு விமானத்தில் வந்தவர். விபத்தின் காரணம் கடைசிவரை தீர்மானமாகவில்லை. மேக்கனில் 3,000 பேர் கொள்ளும் மண்டபத்தில் நடந்த இறுதிச் சடங்குக்கு 4,500 பேருக்கு மேல் வந்தார்கள்.

அலையோசையையும் கடற்பறவைகளின் சத்தத்தையும் சேர்த்துப் பாட்டை முடித்துக் கொடுக்கும் வேலை க்ராப்பர் தலையில் விழுந்தது. ஜனவரியில் வெளியாகி, மார்ச்சில் முதலிடம். பாடியவர் இறந்த பிறகு அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் பாட்டு அதுதான். அந்தப் பணம் ஸ்டாக்ஸைக் காப்பாற்றியிருக்க வேண்டும். ஆனால் விநியோகம் செய்த அட்லான்டிக் நிறுவனத்தோடு ஸ்டூவர்ட் சரியாகப் படிக்காமல் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், மூலப் பதிவுகள் எல்லாம் அட்லான்டிக்குக்கே சொந்தம் என்று ஒரு பிரிவு இருந்தது. 1968 மே மாதம் உறவு முறிந்தபோது ஓட்டிஸ் பாடியது அத்தனையும் அவர்களோடு போயிற்று. 

ஆக, இறந்ததால் வந்த பெயரா? பாதி உண்மை. முதலிடம் வந்ததில் அனுதாபத்துக்குப் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். அவருடைய ஆல்பங்களில் நிரப்புவதற்காகப் பாடிய பாட்டுகளும் உண்டு, ஸ்டாக்ஸ் பாடகி கார்லா தாமஸோடு பாடிய ஜோடிப் பாட்டுகளில் ‘ட்ராம்ப்’ தவிர மற்றவற்றை நான் அதிகம் திரும்பிக் கேட்பதில்லை. ஆனால் மெலடி மேக்கர் வாசகர்கள் எல்விஸை இறக்கியது அவர் உயிரோடு இருந்தபோது. மான்டரேயும் அப்படித்தான்.

இன்று இரவு நேரம் இருந்தால் ‘தீஸ் ஆர்ம்ஸ் ஆஃப் மைன்’ முதலில் கேளுங்கள், பிறகு ‘ஐ’வ் பீன் லவிங் யூ டூ லாங்’, அதன் பிறகு ‘டெண்டர்னஸ்’. போன் ஸ்பீக்கர் வேண்டாம், பாஸ் கேட்காது. ‘டெண்டர்னஸ்’ தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அந்த டிக் டிக் வரும். அது வந்ததும் பாட்டை விட்டுவிட்டு அதை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். கத்தல் என்று தோன்றினால் ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. எனக்கு மூன்று முறை ஆயிற்று.